கொரிந்தியன்ஸ்: மக்கள் உருவாக்கிய அணி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரிந்தியன்ஸ் எந்த ஊர் அணி?

பிரேசிலின் மிகப் பெரிய நகரமான சாவோ பாவுலோவின் அணி. முழுப் பெயர் ஸ்போர்ட் கிளப் கொரிந்தியன்ஸ் பவுலிஸ்தா. ‘பவுலிஸ்தா’ என்பது சாவோ பாவுலோ மாநிலத்தைச் சேர்ந்தது என்று பொருள்படும். ரசிகர்கள் அணியைத் ‘திமாவோ’ என்று அழைக்கிறார்கள். பெரிய அணி என்பது அதன் பொருள். ரசிகர் கூட்டத்துக்கும் தனிப் பெயர் உண்டு. அவர்கள் ‘ஃபியெல்’, அதாவது விசுவாசிகள். எல்லா அணிகளுக்கும் ரசிகர் கூட்டம் உண்டு, ஆனால் கொரிந்தியன்ஸ் ஓர் அணியை வைத்திருக்கும் ரசிகர் கூட்டம் என்று பிரேசிலில் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இந்தக் கிளப்பின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது மிகைக்கூற்று அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலத் தொனியுள்ள இந்தப் பெயர் எப்படி வந்தது?

1910ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த ‘கொரிந்தியன்’ என்ற புகழ்பெற்ற அணி பிரேசிலுக்குச் சுற்றுப்பயணம் வந்தது. அந்த அணியினர் பணத்துக்காக ஆடாதவர்கள். பெரும்பாலும் உயர்தரப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்த கனவான்கள். அவர்களுடைய ஆட்டத்தைக் கண்டு வியந்த சாவோ பாவுலோ தொழிலாளர்கள் சிலர், தாங்கள் தொடங்கவிருந்த அணிக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். கனவான்களின் அணியிலிருந்து பெயரை எடுத்தவர்கள், கனவான்கள் தங்கள் மைதானத்துக்குள் நுழையவே விடாத மனிதர்களாக இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அணியைத் தொடங்கியவர்கள் யார்?

ஜோவாகிம் அம்ப்ரோசியோ, அன்டோனியோ பெரெய்ரா, ரஃபேல் பெரோனே, அன்செல்மோ கொரெயா, கார்லோஸ் சில்வா ஆகிய ஐவர். சுவருக்கு வர்ணம் அடிப்பவர்களும், செருப்புத் தைப்பவரும், வண்டி ஓட்டுபவரும், கூலித் தொழிலாளியுமாக இருந்த அவர்கள், குடியேறிகளும் தொழிலாளர்களும் நெருங்கி வாழ்ந்த பொம் ரெட்டீரோ பகுதியில், 1910 செப்டம்பர் 1 அன்று தெருவிளக்கின் வெளிச்சத்தில் கூடி முடிவெடுத்தார்கள். முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மிகேல் பத்தாலியா ஒரு தையற்காரர். ‘கொரிந்தியன்ஸ் மக்களின் அணியாக இருக்கும், மக்களே அந்த அணியை உருவாக்குவார்கள்’ என்று அவர் சொன்னதாகக் கிளப் இன்றுவரை நினைவுகூர்கிறது.

அக்காலச் சாவோ பாவுலோவில் கால்பந்து செல்வந்தர்களின் பொழுதுபோக்கு. காப்பித் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளும், ஆங்கிலேய, ஜெர்மானியக் குடும்பங்களும் நடத்திய கிளப்புகளே லீக்கில் ஆடின. ஆற்றங்கரைப் பொட்டல்களில் ஆடிய ஏழைகளின் அணிகளுக்கு அங்கே இடமில்லை. 1913இல் கொரிந்தியன்ஸ் தகுதி ஆட்டங்களில் வென்று லீக்குக்குள் நுழைந்தது. அதே காலத்தில் செல்வந்தர் கிளப்புகள் சில பிரிந்துபோய்த் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டன. மறு ஆண்டே, 1914இல், ஆடிய 10 ஆட்டங்களிலும் வென்று கொரிந்தியன்ஸ் முதல் மாநிலப் பட்டத்தைப் பெற்றது.

கால்பந்து அணியின் சின்னத்தில் நங்கூரமும் துடுப்புகளும் எதற்கு?

கிளப் 1926இல் தியெத்தே ஆற்றங்கரையில் பார்க்கி சாவோ ஜார்ஜி என்ற இடத்தை வாங்கியது. அங்கே படகோட்டம் உள்ளிட்ட நீர் விளையாட்டுகளும் நடந்தன. அதனால் சிவப்பு நிறத் துடுப்புகளும் நங்கூரமும் சின்னத்தில் சேர்ந்தன. அந்த வடிவத்தை வரைந்தவர் பிரான்சிஸ்கோ ரெபோலோ. பின்னாளில் ஓவியராகப் பெயர்பெற்ற இவர், இளமையில் அதே கிளப்புக்காகப் பந்தாடியவர். நடுவில் இருப்பது சாவோ பாவுலோ மாநிலக் கொடி. இடத்தின் பெயருக்கு ஏற்பப் புனித ஜார்ஜ் கிளப்பின் காவல் புனிதரானார். அணியின் நிறங்கள் வெள்ளையும் கறுப்பும்.

ரசிகர்கள் பச்சை நிறத்தைத் தவிர்ப்பது ஏன்?

பச்சை, பால்மெய்ராஸ் அணியின் நிறம். 1914இல் இத்தாலியக் குடியேறிகள் ‘பலஸ்த்ரா இத்தாலியா’ என்ற பெயரில் தொடங்கிய அந்தக் கிளப், இரண்டாம் உலகப்போரில் பிரேசில் இத்தாலிக்கு எதிரணியில் சேர்ந்தபோது, 1942இல் பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இரு அணிகளும் முதன்முதலில் 1917இல் மோதின. கொரிந்தியன்ஸிலும் இத்தாலிய வம்சாவளியினர் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதால், இது இரு இனங்களின் பகை அல்ல. ஒரே தெருவிலிருந்து பிரிந்துபோன இரு வீடுகளின் பகை. சாவோ பாவுலோ எஃப்சி, சாண்டோஸ் ஆகிய அணிகளுடனும் போட்டி உண்டென்றாலும், பால்மெய்ராஸிடம் தோற்ற வலி தனி.

‘வறண்ட ஆண்டுகள்’ என்று சொல்லப்படும் காலம் எது?

சாவோ பாவுலோ நகரின் 400ஆம் ஆண்டையொட்டி நடந்த 1954ஆம் ஆண்டு மாநிலப் பட்டத்தை, 1955 பிப்ரவரி 6 அன்று பால்மெய்ராஸுடன் 1-1 எனச் சமன் செய்து கொரிந்தியன்ஸ் உறுதிப்படுத்திக்கொண்டது. அதற்கடுத்த மாநிலப் பட்டம் கிடைக்க 22 ஆண்டுகளும் 8 மாதங்களும் ஆயின. பிரேசிலில் அப்போது மாநிலப் போட்டியே ரசிகர்களுக்குப் பெரிது. தேசிய லீக் 1971இல்தான் அதன் பெயரோடு தொடங்கியது. ஆகவே அது ஏதோ ஒரு கோப்பையைத் தவறவிட்ட காலம் அல்ல. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, தன் அணி வெல்வதைப் பார்க்காமலேயே பிள்ளை பெற்ற காலம்.

பெலே ஆடிய சாண்டோஸ் அணியை மாநிலப் போட்டியில் வெல்ல முடியாமல் மட்டும் 11 ஆண்டுகள் கழிந்தன. 1968 மார்ச் 6 அன்று பாவுலோ போர்ஜெஸ், ஃப்ளாவியோ ஆகியோரின் கோல்களால் 2-0 என அந்தத் தடை உடைந்தது. 1974இல் இறுதியாட்டம் வரை வந்து பால்மெய்ராஸிடம் 0-1 எனத் தோற்றபோது, அணியின் பெருமையாக விளங்கிய ரிவெலினோவின் மீது பழி விழுந்தது. 1970 உலகக்கோப்பையை வென்ற பிரேசில் அணியின் நட்சத்திரம் அவர். அடுத்த ஆண்டே ரியோவின் ஃப்ளுமினென்ஸ் அணிக்குப் போய்விட்டார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரை அப்படி அனுப்பியது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

வியப்பு என்னவென்றால், இந்த ஆண்டுகளில் ரசிகர் கூட்டம் பெருகியதே தவிரக் குறையவில்லை. வறட்சியால் பிழைப்புத் தேடி வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சாவோ பாவுலோவுக்கு வந்த லட்சக்கணக்கான தொழிலாளர்களில் பலர் இந்த அணியைத் தம்முடையதாக ஏற்றார்கள். ‘சோஃப்ரெடோர்’, அதாவது துன்பப்படுபவன், என்ற சொல்லை இன்றும் இந்த ரசிகர்கள் பெருமையாகத் தமக்குச் சூட்டிக்கொள்கிறார்கள்.

1976இன் ‘படையெடுப்பு’ என்பது என்ன?

1976 டிசம்பர் 5 அன்று, தேசிய லீக்கின் அரையிறுதியில் கொரிந்தியன்ஸ் ஃப்ளுமினென்ஸை எதிர்கொண்டது. ஆட்டம் நடந்தது ரியோவில், எதிரணியின் வீடான மரக்கானா மைதானத்தில். எதிரணியில் ரிவெலினோவும் இருந்தார். 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைப் பேருந்திலும் காரிலும் விமானத்திலும் கடந்து சுமார் 70,000 கொரிந்தியன்ஸ் ரசிகர்கள் வந்து சேர்ந்தார்கள். 1,46,043 பேர் அமர்ந்த மைதானத்தில் ஏறக்குறையப் பாதி கறுப்பு வெள்ளையாக மாறியது. கொட்டும் மழையில் ஆட்டம் 1-1 எனச் சமனாக, பெனால்டி உதைகளில் கோல்கீப்பர் தொபியாஸ் இரண்டைத் தடுத்து 4-1 எனக் கொரிந்தியன்ஸை வெல்ல வைத்தார். இறுதியாட்டத்தில் போர்ட்டோ அலெக்ரேயின் இன்டர்நேசியோனலிடம் 0-2 எனத் தோற்றார்கள். ஆனால் அந்த இறுதியாட்டத்தைவிட அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே அதிகம் பேசப்படுகிறது.

வறட்சி எப்படி முடிந்தது?

1977 அக்டோபரில் மாநில இறுதிப் போட்டி மூன்று ஆட்டங்களாக நடந்தது. எதிரணி கம்பினாஸ் நகரின் பொன்டே ப்ரெட்டா. 1900இல் தொடங்கப்பட்ட, அதுவரை பெரிய பட்டம் எதையும் வெல்லாத அணி. முதல் ஆட்டத்தைக் கொரிந்தியன்ஸ் வென்றது. இரண்டாவதில் வென்றால் பட்டம் என்ற நிலையில் மொரும்பி மைதானத்தில் 1,38,032 பேர் கூடினார்கள்; பொன்டே ப்ரெட்டா 2-1 என வென்று அவர்களை அமைதியாக வீட்டுக்கு அனுப்பியது.

அக்டோபர் 13, மூன்றாவது ஆட்டம். முடிய 10 நிமிடங்களே இருந்தபோது வலப்புறமிருந்து ஸெ மரியா அடித்த ஃப்ரீ கிக் கோல் முகத்துக்கு வந்தது. வகினியோ உதைத்த பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. விளாடிமிர் தலையால் முட்டினார். கோட்டில் நின்ற தடுப்பாட்டக்காரரின் தலையில் பட்டு அதுவும் திரும்பியது. மூன்றாவதாகப் பந்து பசிலியோவின் வலக்காலுக்கு வந்தது. இரண்டு முறை மறுக்கப்பட்டு மூன்றாம் முறை உள்ளே போன அந்தப் பந்தில் 22 ஆண்டுகளின் கதை முழுவதும் இருப்பதாக ரசிகர்கள் நம்புவதில் வியப்பில்லை. 1954 பட்டத்தின்போது பயிற்சியாளராக இருந்த ஓஸ்வால்டோ பிராண்டாவோவே 1977இலும் பயிற்சியாளர்.

‘கொரிந்தியன்ஸ் ஜனநாயகம்’ என்றால் என்ன?

பிரேசில் 1964 முதல் 1985 வரை இராணுவ ஆட்சியின் கீழ் இருந்தது. அந்த ஆட்சி தளர்ந்துகொண்டிருந்த 1980களின் தொடக்கத்தில், வால்டெமார் பிரெஸ் கிளப்பின் தலைவரானார். அவர் கால்பந்துப் பிரிவின் பொறுப்பை அடில்சன் மொன்டெய்ரோ ஆல்வெஸ் என்ற சமூகவியலாளரிடம் கொடுத்தார். பந்தாட்டம் பற்றித் தமக்குப் பெரிதாகத் தெரியாது என்பதை ஒளிக்காமல், அவர் ஆட்டக்காரர்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கினார். அந்தப் பேச்சுகளிலிருந்து ஒரு முறை உருவானது: அணி தொடர்பான முடிவுகள் வாக்கெடுப்பில் தீர்மானிக்கப்படும், நட்சத்திர ஆட்டக்காரருக்கும், உடைகளைத் துவைத்து அடுக்கும் பணியாளருக்கும் ஆளுக்கு ஒரே வாக்கு.

எவற்றுக்கு வாக்கெடுத்தார்கள் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. பயிற்சி எத்தனை மணிக்கு, பயணம் எப்போது, யாரை அணியில் சேர்ப்பது, வருவாயை எப்படிப் பங்கிடுவது என்பன போன்ற அன்றாடக் காரியங்களுக்கு. ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்களை விடுதியில் அடைத்து வைக்கும் ‘கொன்சென்ட்ராசாவோ’ என்ற வழக்கம் அவற்றுள் பெரிய விவாதப்பொருளானது. திருமணமாகிப் பிள்ளைகள் உள்ளவர்களைச் சிறுவர்களைப் போல ஏன் பூட்டிவைக்க வேண்டும் என்று கேட்டு, அதைக் கட்டாயமில்லாததாக்கினார்கள்.

முன்னின்றவர்கள் மூவர். சாக்ரடீஸ், மருத்துவப் படிப்பை முடித்தவர். நூல்களை நேசித்த அவருடைய தந்தை, பிள்ளைகள் சிலருக்குக் கிரேக்கப் பெயர்களை வைத்தார். விளாடிமிர், 800க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் கொரிந்தியன்ஸுக்காக ஆடிய இடப்புறத் தடுப்பாட்டக்காரர், தொழிற்சங்க உணர்வு மிக்கவர். மூன்றாமவர் கசாகிராண்டே, 19 வயதில் 1982 மாநிலப் போட்டியில் 28 கோல்கள் அடித்து முதலிடம் பிடித்த இளைஞர். இந்த முயற்சிக்கு ‘கொரிந்தியன்ஸ் ஜனநாயகம்’ என்ற பெயர் பரவக் காரணமானவர் விளம்பரத் துறையைச் சேர்ந்த வாஷிங்டன் ஒலிவெட்டோ.

1982 நவம்பர் 15 அன்று நாட்டில் தேர்தல் நடக்கவிருந்தது. மாநில ஆளுநர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நெடுங்காலத்துக்குப் பின் வந்திருந்தது. ‘15ஆம் தேதி வாக்களியுங்கள்’ என்று சட்டையின் முதுகில் எழுதிக்கொண்டு அணி மைதானத்தில் இறங்கியது. எந்தக் கட்சிக்கு என்று எழுதவில்லை. வாக்களிப்பதே அந்நாளில் ஒரு நிலைப்பாடாக இருந்தது. 1983 இறுதியாட்டத்துக்கு, ‘வென்றாலும் தோற்றாலும், எப்போதும் ஜனநாயகத்துடன்’ என்ற பதாகையை ஏந்தி வந்தார்கள்.

இதற்கு முன்னோடி பார்வையாளர் மாடத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1969இல், அப்போதைய கிளப் நிர்வாகத்தை எதிர்க்கக் கூடிய இளைஞர்களால் தொடங்கப்பட்ட ‘கவியோன்ஸ் ட ஃபியெல்’ என்ற ரசிகர் அமைப்பு, 1979 பிப்ரவரியில் சாண்டோஸுக்கு எதிரான ஆட்டத்தின்போது, அரசியல் கைதிகளுக்கும் நாடு கடந்து வாழ்ந்தோருக்கும் நிபந்தனையற்ற பொதுமன்னிப்பு கோரும் பதாகையை மொரும்பியில் விரித்தது. காவலர்கள் சூழ்ந்த மைதானத்தில் அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

வாக்கெடுப்பால் அணி வென்றதா? எல்லோரும் அதை ஏற்றார்களா?

1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சாவோ பாவுலோ எஃப்சியை வென்று மாநிலப் பட்டத்தை அடுத்தடுத்துப் பெற்றது. எல்லோரும் ஏற்கவில்லை. 1983இல் சேர்ந்த கோல்கீப்பர் லியாவோ, உண்மையில் ஒரு சிலரே முடிவெடுக்கிறார்கள் என்று வெளிப்படையாகக் குறை சொன்னார். அந்தக் குறையில் கொஞ்சம் உண்மை இருக்கக்கூடும். சாக்ரடீஸைப் போல் பேசத் தெரிந்தவரும் பேசக் கூச்சப்படும் புதிய ஆட்டக்காரரும் ஒரே அறையில் அமரும்போது, வாக்கு சமமானாலும் குரல் சமமாவதில்லை. ஆயினும், இராணுவ ஆட்சியில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க உரிமையில்லாத ஒரு நாட்டில், ஒவ்வொரு வாரமும் கையுயர்த்தி முடிவெடுக்கும் மனிதர்களை மக்கள் செய்தித்தாளில் பார்த்தார்கள். அந்தப் பயனை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

முடிவு விரைவாக வந்தது. குடியரசுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கக் கோரிய இயக்கத்தின் மாபெரும் கூட்டம் 1984 ஏப்ரல் 16 அன்று சாவோ பாவுலோவில் நடந்தது. அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறினால் இத்தாலிக்குப் போகாமல் பிரேசிலிலேயே தங்குவேன் என்று சாக்ரடீஸ் அறிவித்தார். ஏப்ரல் 25 அன்று நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பில் 320 வாக்குகள் தேவைப்பட, 298 மட்டுமே கிடைத்தன. 22 வாக்குகளில் தோல்வி. சாக்ரடீஸ் இத்தாலியின் ஃபியோரென்டினா அணிக்குப் போனார். 1985 கிளப் தேர்தலில் அடில்சன் தோற்க, முயற்சி நின்றது. பிரேசில் மக்கள் நேரடியாகக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது 1989இல்.

சாக்ரடீஸ் இறந்த நாளைப் பற்றி ரசிகர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

கொரிந்தியன்ஸ் பட்டம் வெல்லும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சாக வேண்டும் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்ததாகப் பலரும் நினைவுகூர்கிறார்கள். 2011 டிசம்பர் 4, ஞாயிறு அதிகாலை, 57 வயதில் அவர் இறந்தார். அன்று மாலை பக்காயெம்பு மைதானத்தில் லீக்கின் கடைசி ஆட்டம்; எதிரணி பால்மெய்ராஸ். ஆட்டத்துக்கு முன் கொரிந்தியன்ஸ் ஆட்டக்காரர்கள் நடுவட்டத்தில் நின்று, அவர் கோல் அடித்த பின் செய்வதைப் போல, வலக்கை முட்டியை உயர்த்தினார்கள், மாடங்களும் உயர்த்தின. ஆட்டம் 0-0. பட்டம் கொரிந்தியன்ஸுக்கு.

2007இல் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது எப்படி?

2004இன் இறுதியில் கிளப் ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. அர்ஜென்டினாவின் டெவெஸ் போன்றோர் வந்தார்கள். 2005இல் லீக் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்தில் ஒரு சர்ச்சை உண்டு: நடுவர் ஒருவர் சூதாட்டத்துக்காக ஆட்டங்களில் தவறிழைத்தது அம்பலமாகி, அவர் நடத்திய 11 ஆட்டங்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டு மீண்டும் ஆடப்பட்டன. 2007இல் முதலீட்டு உறவு முறிந்தது. டிசம்பர் 2 அன்று போர்ட்டோ அலெக்ரேயில் க்ரேமியோவுடன் 1-1 எனச் சமன் செய்து, வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ‘நான் உன்னை ஒருபோதும் கைவிடமாட்டேன்’ என்ற வாசகம் பொறித்த சட்டைகளுடன் ரசிகர்கள் 2008 முழுவதும் மைதானத்தை நிரப்பினார்கள்; மனோ மெனெஸெஸின் பயிற்சியில் அணி அந்தப் பிரிவின் பட்டத்தை வென்று உடனே மேலேறியது.

2012 ஏன் சிறப்பானது?

தென் அமெரிக்காவின் உயரிய கோப்பையான லிபெர்டடோரெஸை அதுவரை கொரிந்தியன்ஸ் வென்றதில்லை. போட்டியாளர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்தார்கள். 2011 தொடக்கத்தில் கொலம்பியாவின் தொலீமா அணியிடம் முதற்கட்டத்திலேயே தோற்று வெளியேறியது பெரும் அவமானமாயிற்று; சில நாட்களில், அப்போது அணியில் ஆடிய பிரேசில் நட்சத்திரம் ரொனால்டோ ஓய்வை அறிவித்தார். நிர்வாகம் பயிற்சியாளர் தித்தேயை நீக்கவில்லை. மறு ஆண்டு அதே தித்தேயின் அணி 14 ஆட்டங்களில் 8 வெற்றி, 6 சமன் எனத் தோல்வியே இல்லாமல், நெய்மாரின் சாண்டோஸை அரையிறுதியிலும், புவனோஸ் ஐரிஸின் போகா ஜூனியர்ஸை இறுதியிலும் கடந்தது. ஜூலை 4 அன்று பக்காயெம்புவில் எமர்சன் இரு கோல்களையும் அடித்தார். டிசம்பர் 16 அன்று ஜப்பானின் யோகோஹாமாவில், ஆயிரக்கணக்கான ரசிகர்கள் உலகின் மறுகோடிக்குப் பறந்து வந்து பார்க்க, கெரேரோவின் கோலால் செல்சியை 1-0 என வென்று உலகக் கிளப் கோப்பையையும் பெற்றது. கோல்கீப்பர் காசியோ அப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர்.

ரசிகர் கூட்டத்துக்கு இருண்ட பக்கம் இல்லையா?

உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 2013 பிப்ரவரியில் பொலிவியாவின் ஓருரோ நகரில் நடந்த ஆட்டத்தில், கொரிந்தியன்ஸ் ரசிகர்கள் இருந்த பக்கத்திலிருந்து ஏவப்பட்ட தீப்பிழம்புக் குழல் தாக்கி 14 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். ரசிகர்கள் 12 பேர் அங்கே பல மாதங்கள் காவலில் இருந்தார்கள். கிளப் காலி மாடங்களின் முன் ஆட நேர்ந்தது. ஒரு கோப்பை வாங்கித் தந்த மகிழ்ச்சி எதுவும் அந்தக் குடும்பத்தின் இழப்புக்கு ஈடாகாது.

பெண்கள் அணி உண்டா?

உண்டு. இன்றைய தென் அமெரிக்கப் பெண்கள் கால்பந்தில் முன்னணி அணி அதுவே. ஆடக்ஸ் கிளப்புடன் இணைந்து 2017இல் பெண்கள் லிபெர்டடோரெஸை வென்ற பின், 2019, 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அக்கோப்பையைப் பெற்றது.

அணியின் மைதானம் எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

நகரின் கிழக்கே, உழைக்கும் மக்கள் பெருமளவில் வாழும் இட்டாக்கேராவில். பெரிய ஆட்டங்களுக்கு நெடுங்காலமாக நகராட்சியின் பக்காயெம்புவை நம்பியிருந்த கிளப்புக்கு, 2014 உலகக்கோப்பையை ஒட்டியே சொந்தமாகப் பெரிய மைதானம் அமைந்தது. கட்டுமானத்தின்போது 2013 நவம்பர் 27 அன்று பாரந்தூக்கி சரிந்து 2 தொழிலாளர்கள் இறந்தார்கள். தொழிலாளர்கள் தொடங்கிய கிளப்பின் வீட்டுக்கு அவர்கள் கொடுத்த விலை அது. மைதானத்தைப் பற்றிப் பேசுவோர் அவர்களை விட்டுவிடக் கூடாது. 2014 ஜூன் 12 அன்று பிரேசிலுக்கும் குரோஷியாவுக்கும் இடையிலான உலகக்கோப்பைத் தொடக்க ஆட்டம் இங்கேதான் நடந்தது.

கட்டுவதற்கு வாங்கிய கடன் இன்னும் கிளப்பை அழுத்துகிறது. 2024 நவம்பரில் கவியோன்ஸ் ட ஃபியெல் அமைப்பே முன்வந்து, அந்தக் கடனை அடைக்கப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கியது. சேர்ந்த தொகை கடனில் சிறு பகுதிதான்.

போவதற்கு எளிய வழி மெட்ரோ. 3ஆம் எண் சிவப்புத் தடத்தில் கிழக்கு நோக்கிக் கடைசி நிலையம் வரை செல்ல வேண்டும். அந்த நிலையத்தின் பெயர் ‘கொரிந்தியன்ஸ்-இட்டாக்கேரா’. மைதானம் திறப்பதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே, 1988இல், அந்தப் பெயருடன் அது திறக்கப்பட்டுவிட்டது.